தனுஷ்கோடியில் ஐம்பது வருஷம் ரயில் ஓடியது

புயலில் அழிந்த தனுஷ்கோடியைப் பற்றிப் போன வாரம் எல்லோரும் பகிர்ந்த அந்த வீடியோவை நானும் பார்த்தேன். லிங்க் போடமாட்டேன், தேவையான அளவு பேர் பார்த்தாயிற்று. அதை எடுத்த தம்பி இடிந்த சுவருக்கு முன்னால் நின்று, குரலைத் தாழ்த்தி, "இந்த ஸ்டேஷனுக்கு டிக்கெட் எடுத்தவங்க யாரும் திரும்பி வரல" என்கிறார். பின்னணியில் பேய்ப் படத்து இசை. கீழே ஆயிரக்கணக்கில் இதயக் குறிகள்.

மூன்று நாள் பொறுத்தேன். முடியவில்லை.

முதலில் பிழைகள். அவர் ஸ்டேஷன் என்று காட்டிய சுவர் மாதா கோயிலின் சுவர். ஸ்டேஷனின் மிச்சம் வேறு இடத்தில் நிற்கிறது, நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் கொடுத்த தொட்டியின் மிச்சமும் அங்கே உண்டு. அடுத்தது, "வெளிநாட்டுப் பயணிகளோடு போட் மெயில் கடலில் மூழ்கியது" என்கிறார். போட் மெயில் என்பது சென்னையிலிருந்து கொழும்புக் கப்பலுக்கு ஆட்களைக் கொண்டுவந்த வண்டி. மூழ்கியது அது அல்ல. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன சாதாரண பாசஞ்சர், வண்டி எண் 653, ஆறு பெட்டிகள். மூன்றாவது, "பாம்பன் பாலத்தோடு ரயில் கவிழ்ந்தது" என்கிறார். அதுவும் இல்லை. அந்த வண்டி பாலத்தில் ஏறவே இல்லை. அது ராமேஸ்வரம் தீவுக்குள் ஓடிய வண்டி. தனுஷ்கோடியை நெருங்கிய இடத்தில், தண்டவாளத்தின் மேலேயே அலை அடித்து அழித்தது. பாலம் உடைந்தது அதே இரவில் நடந்த இன்னொரு சேதம்.

பிழைகளைக்கூட விட்டுவிடலாம். எனக்கு வலிப்பது வேறு. 1914 பிப்ரவரி 24 முதல் 1964 டிசம்பர் 22 வரை, ஐம்பது வருஷம் பத்து மாதம் வேலை செய்த ஒரு எல்லை ரயில் நிலையத்தை நாம் ஒரே ஒரு ராத்திரியை வைத்து நினைவில் வைத்திருக்கிறோம். ஐம்பது வருஷம்! அத்தனை நாளும் அங்கே என்ன நடந்தது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

1914க்கு முன்னால் சென்னையிலிருந்து கொழும்புக்குப் போவதென்றால் தூத்துக்குடி வரை ரயில், பிறகு ராத்திரி முழுக்கக் கப்பல். 1902இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை தண்டவாளம் வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் தீவுக்குள் ரயில் நேராகப் போனது. தனுஷ்கோடிக்கும் எதிரே மன்னார்த் தீவின் தலைமன்னாருக்கும் இடையில் சுமார் 30 கிலோமீட்டர் கடல். கப்பலில் இரண்டு மூன்று மணி நேரம். எழும்பூரில் ஏறும்போதே கொழும்பு வரை ஒரே டிக்கெட். அந்தப் பக்கம் இறங்கினால் தலைமன்னார் துறையில் இலங்கை ரயில் தயாராக நிற்கும். மதவாச்சி, அனுராதபுரம், மாகோ, பொல்காவலை வழியாகக் கொழும்புக் கோட்டை. தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் பொல்காவலையில் கண்டிப் பக்கம் திரும்புவார்கள்.

இர்வின், கோஷன் என்ற கப்பல்களின் பெயரைப் பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். இந்த வழியின் மூச்சே கப்பலும் ரயிலும் ஒன்றுக்கொன்று காத்திருப்பதில்தான் இருந்தது. வண்டி தாமதமானால் கப்பல் நிற்க வேண்டும், கப்பல் தாமதமானால் அந்தக் கரையில் ரயில் நிற்க வேண்டும். இடையில் சாமான் இறக்க வேண்டும், சுங்கச் சோதனை முடிய வேண்டும், உடல்நலச் சான்றைப் பார்க்க வேண்டும், தபால் மூட்டையை எண்ணிக் கப்பலில் ஏற்ற வேண்டும். இதற்காகத்தான் அந்த மணல்திட்டில் சுங்க அலுவலகம், தபால் தந்தி அலுவலகம், ரயில்வே ஆஸ்பத்திரி, ஊழியர் குடியிருப்பு, பள்ளிக்கூடம் எல்லாம் வந்தன. மீன்பிடி ஊர் ஒன்று ஸ்டேஷனால் துறைமுக ஊரானது. இதில் எந்த இடத்தில் பேய் இருக்கிறது?

சாமானை ஏன் இறக்க வேண்டும், பெட்டிகளையே கப்பலில் ஏற்றியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: முடியாது. நம் பக்கம் மீட்டர் கேஜ், இரண்டு தண்டவாளங்களுக்கு இடையில் 1000 மில்லிமீட்டர். இலங்கையில் அகலப் பாதை, 1676 மில்லிமீட்டர். சக்கரமே பொருந்தாது. ஆகவே ஒவ்வொரு மூட்டையும் ஆள் தோளில் இறங்கி, ஆள் தோளில் ஏறியது. இந்தக் கேஜ் கணக்கை நினைவில் வையுங்கள், திரும்ப வருவேன்.

இன்னொன்று, எல்லை என்பதே அங்கே மெல்ல மெல்ல வந்தது. இரண்டு கரையும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த காலத்தில் பாஸ்போர்ட் கிடையாது. நோய்த் தடுப்புச் சோதனை, சுங்கம், அவ்வளவுதான். 1948க்குப் பிறகு இலங்கை குடியுரிமைச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் கொண்டுவந்தது. அதுவரை வந்துபோன அதே ஆட்கள், அதே நடைமேடையில், திடீரென்று அந்நியர் ஆனார்கள். தனுஷ்கோடி முழு அர்த்தத்தில் சர்வதேச எல்லை ஸ்டேஷனாக இருந்தது கடைசிப் பதினைந்து வருஷம்தான்.

இப்போது அந்த ராத்திரி. அதைப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சரியாகப் பேசுங்கள் என்கிறேன். 1964 டிசம்பர் 22, 23க்கு இடைப்பட்ட இரவு. அந்தமானுக்குத் தெற்கே உருவான புயல் இலங்கையின் வடபகுதியை அடித்துவிட்டுப் பாக் கடலுக்குள் வந்தது. காற்றைவிடக் கொன்றது தண்ணீர். ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா, நடுவில் மணல் நாக்கு. பெண்கடல், ஆண்கடல் என்பார்கள் அங்குள்ள மீனவர்கள். வடக்கே பெண்கடல், ஆழமில்லாதது, வழக்கமாக அமைதியானது. ஆழமில்லாத கடலில்தான் புயல் தண்ணீரை உயரமாகக் குவிக்கும், அந்தத் தண்ணீருக்குக் கீழே இறங்க இடமில்லை. அது மணலைத் தாண்டி மறுகடலுக்குள் போனது. போகும் வழியில் ஊரும் ஸ்டேஷனும் 653உம் இருந்தன. வண்டியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை.

பாம்பன் பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள், அதாவது தண்டவாளத்தைத் தாங்கிய இரும்பு உத்தரங்கள், கடலுக்குள் போயின. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் ஷெர்சர் தூக்கு நின்றது. ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார்கள். விழுந்த கர்டர்களையே கடலிலிருந்து எடுத்துத் திரும்ப வைத்தார்கள். அதற்குப் பிறகு பாலத்தில் காற்றளவுக் கருவி வந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும், வண்டி கரையிலேயே நிற்கும். இன்றைக்கு ராமேஸ்வரம் போகும்போது மண்டபத்தில் வண்டி நின்றால் முணுமுணுக்காதீர்கள், காற்று அடிக்கிறது என்று அர்த்தம். இதை ஒரு வீடியோவிலும் நான் கேட்டதில்லை.

"நீங்க ரொம்ப சீரியஸா எடுத்துக்கிறீங்க, அது சும்மா பொழுதுபோக்கு" என்று பின்னூட்டம் வரும் என்று தெரியும். அங்கே ஒரு பாட்டன், ஒரு பெரியம்மா, ஒரு அண்ணன் செத்த குடும்பங்கள் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் இன்றும் இருக்கின்றன. அவர்களும் போன் வைத்திருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் இந்த வீடியோவைப் பார்க்கிறார்கள். இதற்குமேல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

"சுற்றுலா வந்தால்தானே ஊர் பிழைக்கும்?" இது நியாயமான கேள்வி. 2017இல் தனுஷ்கோடியைத் தாண்டி நிலத்தின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை சாலை வந்தபிறகு அங்கே சங்கு விற்கிறவருக்கும் மீன் வறுக்கிறவருக்கும் நாலு காசு கிடைக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூட்டம் போகிறபோக்கில் பவளக்கல் சுவரிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்துப் பையில் போட்டுக்கொண்டு போகிறது. உப்புக்காற்று அறுபது வருஷமாக அரித்தும் விழாத சுவர். உலகிலேயே இரும்பு மிக வேகமாகத் துருப்பிடிக்கும் இடங்களில் ஒன்று பாம்பன். அங்கே நிற்கும் எதையும் கையால் தொடுவதற்கே யோசிக்க வேண்டும்.

"அப்படியானால் தனுஷ்கோடிக்குத் திரும்ப ரயில் விடச் சொல்கிறீர்களா?" இல்லை. இங்கேதான் பலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். 2019 மார்ச் 1இல் ராமேஸ்வரம் - தனுஷ்கோடி பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள், 17 கிலோமீட்டர் சொச்சம். அதைப் "பழைய பாதையை மீட்பது" என்று எழுதினார்கள். பழைய பாதை ராமேஸ்வரம் ஊர் வழியாகப் போகவே இல்லை. பாம்பனில் இரண்டாகப் பிரிந்தது, ஒன்று வடகிழக்கே ராமேஸ்வரத்துக்கு, ஒன்று தென்கரையோரமாகத் தனுஷ்கோடிக்கு. ராமேஸ்வரத்திலிருந்து போடுவது புதுப் பாதை.

அதைப் போட்டாலும் என்ன ஆகும்? காற்று மணலை அள்ளித் தண்டவாளத்தில் கொட்டும். ஜல்லிக்குள் மணல் புகுந்தால் தண்ணீர் வடியாது. ஜல்லி இறுகினால் தண்டவாளத்துக்குக் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் அதிர்வைத் தாங்காது. வண்டியைப் பாதை மாற்றிவிடும் பாயிண்ட் இடுக்கில் மணல் அடைத்தால் பூட்டு விழாது, சிக்னல் வராது. நாள்தோறும் ஆள் வைத்து அள்ள வேண்டும். எதிர்க்கரைக்குப் போக ஒரு கப்பல் காத்திருந்தால் அந்தச் செலவுக்குப் பொருள் உண்டு. கப்பல் இல்லாமல், ஒரு செல்பி எடுத்துத் திரும்புவதற்காக ஒரு ரயில் பாதையா? தனுஷ்கோடி ஸ்டேஷனின் உயிர் கப்பலில் இருந்தது. கப்பலை விட்டுவிட்டுக் கட்டடத்தை எழுப்பினால் அது வேறெதுவோ.

கப்பல் ஒன்றும் 1964இல் சாகவில்லை. இதையும் அந்த வீடியோ சொல்லவில்லை. புயலுக்குப் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ராமானுஜம் கப்பல் ஓடியது. அதை நிறுத்தியது 1980களில் இலங்கையில் மூண்ட போர். தலைமன்னார் ரயிலும் 1990இல் நின்றது. பிறகு இந்தியாவின் இர்கான் நிறுவனம் பாதையைப் புதிதாகப் போட்டு, 2015 மார்ச் 14இல் தலைமன்னார் துறை வரை திறந்தார்கள். நம் பக்கம் 2007இல் ராமேஸ்வரம் பாதை அகலமானது. 2025 ஏப்ரல் 6இல் புதிய பாம்பன் பாலம் வந்தது, 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி நேராக மேலே எழும்புகிறது.

கேஜ் கணக்கு இப்போது. இந்தக் கரையில் 1676. அந்தக் கரையில் 1676. கப்பல் ஓடிய காலத்தில் தண்டவாளம் ஒத்துப்போகவில்லை. தண்டவாளம் ஒத்துப்போகும் காலத்தில் கப்பல் இல்லை.

"நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023இல் கப்பல் விட்டார்களே?" விட்டார்கள், சந்தோஷம். நானும் வரவேற்றேன். ஆனால் அது நாலு மணி நேரத் திறந்த கடல். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று எழுந்தால் கப்பல் நிற்கிறது. 30 கிலோமீட்டரில் காற்று தணியும் இடைவெளி பார்த்துக் கடக்கலாம். ராமேஸ்வரத்தில் ஒரு இறங்குதுறை, கப்பல் மிதக்கும் அளவுக்கு ஆழப்படுத்திய வழி, ஒரு சுங்கக் கூடம், குடிவரவு மேசைகள், ரயில் நேரத்தோடு கோத்த கப்பல் நேரம். கேட்பது இவ்வளவுதான். 1914இல் நீராவியை வைத்துச் செய்ததைத்தான் கேட்கிறேன்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை.

அந்த வழியாகப் போனவர்களில் துரைமார் கொஞ்சம்தான். பெரும்பாலானவர்கள் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், ராமநாதபுரம் பக்கத்துக் கூலிக்காரர்கள். தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி அழைத்துப் போவார். மண்டபம் முகாமில் நாட்கணக்கில் நிறுத்திவைத்து, துணியை ஆவியில் வேகவைத்து, அம்மை குத்தி, தோட்டத்து எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள். 1939இல் இந்திய அரசு அந்த ஆள் அனுப்புதலைத் தடை செய்தது. 1964 அக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், அப்படிப் போனவர்களின் வழிவந்த 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றது. ஏழரை வாரம் கழித்துத் தனுஷ்கோடி இல்லை. போனவர்களின் பேரப்பிள்ளைகள் திரும்பியபோது, பாட்டன் கப்பலேறிய ஸ்டேஷனுக்குப் பதில் ராமேஸ்வரத்தில் இறங்கி, அதே மண்டபம் முகாமுக்குப் போனார்கள். இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் இருக்கும் மலையகத்தில் ரயிலைக் கோச்சி என்பார்கள். அவர்களை ஏற்றிவந்த வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர்.

டிக்கெட் எடுத்தவர்கள் திரும்பி வரவில்லையாம். வந்தார்கள். வந்தவர்கள் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இன்றும் இருக்கிறார்கள்.

வீடியோ எடுத்த தம்பி இதைப் படித்தால் ஒரே ஒரு வேண்டுகோள். வீடியோவை நீக்கச் சொல்லவில்லை. தலைப்பில் போட் மெயில் என்று இருக்கும் இடத்தில், பாம்பன் - தனுஷ்கோடி பாசஞ்சர், எண் 653 என்று மாற்றுங்கள். அந்த இசையையும் எடுத்துவிடுங்கள்.