சைவச் சிள்வண்டு

(சிங்கப்பூர், ஈசூன் வட்டாரத்து அடுக்குமாடி வீடு. புரட்டாசி மாதம். தொண்டை கட்டிப்போன கோவிந்தசாமி ஒரு காகிதப் பொட்டலத்தோடு உள்ளே வருகிறார். செல்வி கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள்.)

செல்வி: பாலிகிளினிக்குக்கா போயிட்டு வரீங்க?

கோவிந்தசாமி: (காற்று மட்டும் வருகிறது) சின்சே.

செல்வி: சீன மருந்துக் கடையா? எவ்வளவு வாங்கினாரு?

கோவிந்தசாமி: 38 வெள்ளி.

செல்வி: போன சனிக்கிழமை சிராங்கூன் சாலை முழுக்கக் கேக்குற மாதிரி 'கோவிந்தா' போட்டப்பவே நினைச்சேன். என்ன சொன்னாரு?

கோவிந்தசாமி: நாடி பார்த்தாரு. ஒவ்வொரு கையிலயும் மூணு விரல். ஒவ்வொரு விரலுக்கும் கீழ ஒரு உறுப்பாம். இடது கையில இதயம், கல்லீரல், சிறுநீரகம். அப்புறம் நாக்கை நீட்டச் சொன்னாரு.

செல்வி: உங்க நாக்கைப் பத்தி 28 வருஷமா நான் சொல்லாததையா சொல்லிட்டாரு?

கோவிந்தசாமி: உடம்பு 'ஹீட்டி'யாம்.

செல்வி: சூடு.

கோவிந்தசாமி: ஹீட்டி.

செல்வி: அதாங்க சூடு! எங்கம்மா மன்னார்குடியிலேருந்து வந்தப்பல்லாம் சொல்லலை? 'மாப்பிள்ளைக்கு உடம்பு சூடு, டுரியானைக் குறைக்கச் சொல்லுடி'ன்னு. நீங்க சிரிச்சுக்கிட்டே அவங்க முன்னாடி அடுத்த சுளையை எடுத்தீங்க. அம்மா சும்மா சொன்னா மூடநம்பிக்கை, இவர் 38 வெள்ளிக்குச் சொன்னா மருத்துவம்!

கோவிந்தசாமி: இவர் காரணம் சொல்றாருல்ல? இது இலையுதிர் காலமாம். காத்து வறண்டு நுரையீரலைத் தாக்குமாம். பேரிக்காயைக் கல்கண்டு போட்டு வேகவெச்சுச் சாப்பிடணுமாம்.

செல்வி: பூமத்திய ரேகையிலேருந்து ஒண்ணரை டிகிரிகூடத் தள்ளி இல்லாத ஊர்ல இலையுதிர் காலமா? மூங்கில் கழியில போட்ட துணி மூணு நாளாக் காயலை. காத்து வறண்டுடுச்சாம்!

கோவிந்தசாமி: அது சீன நாள்காட்டிக் கணக்கு. சூரியன் 15 டிகிரி நகர்ந்தா ஒரு பருவம், வருஷத்துக்கு 24. நீ மட்டும் ஜூலை மாசம் இங்க ஜன்னலைச் சாத்திட்டு 'ஆடிக் காத்து'ன்னு சொல்லலையா?

செல்வி: (பேச்சை மாற்றி) பொட்டலத்தைக் குடுங்க. செவ்வந்திப்பூ… இது சாமிக்குப் போடுறது. இது அதிமதுரம். ஏங்க, பிரஷர் மாத்திரை சாப்பிடுறதைச் சொன்னீங்களா? அதிமதுரம் அதிகமாப் போனா பிரஷர் ஏறும்.

கோவிந்தசாமி: சொல்லக் குரல் எங்க இருக்கு?

செல்வி: தலையாட்டக் கழுத்து மட்டும் இருந்துச்சாக்கும்! (பொட்டலத்தில் இருந்த எண்ணுக்கு ஃபோன் போட்டு, பாதி ஆங்கிலம் பாதி மலாயில் பேசி முடிக்கிறாள்.) அதிமதுரத்தை எடுத்துடச் சொல்லிட்டாரு. அடுத்த தடவை மாத்திரை அட்டையையும் கொண்டு வரணுமாம். (கிளறுகிறாள்.) இது என்னங்க? இதுக்குக் கால் இருக்கு.

கோவிந்தசாமி: வேரா இருக்கும்.

செல்வி: வேருக்கு ஆறு காலும் ரெண்டு கண்ணுமா?

கோவிந்தசாமி: (மெல்ல) சிள்வண்டு.

செல்வி: பெருமாளே! முட்டை இருக்கும்னு பக்கத்து வீட்டுப் பிறந்தநாள் கேக்கையே திருப்பி அனுப்பின ஆளா நீங்க?

கோவிந்தசாமி: முழு வண்டு இல்லை செல்வி. மரத்துல உரிச்சுப் போட்டுட்டுப் போன சட்டை. உள்ள ஆள் கிடையாது. யாரையும் கொல்லலை.

செல்வி: அப்போ பாம்புச் சட்டையை ரசத்துல போட்டா சைவமா?

கோவிந்தசாமி: அதுவும் அந்தக் கடையில ஒரு இழுப்பறையில இருக்கு.

செல்வி: சும்மா இருங்க!

கோவிந்தசாமி: கிண்டல் பண்ணாத. 4-ஆம் நூற்றாண்டுச் சீன மருத்துவக் குறிப்பு ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டுப் போய்த்தான் தூ யூயூ மலேரியாவுக்கு மருந்து கண்டுபிடிச்சாங்க. 2015-ல நோபல் பரிசு.

செல்வி: அந்தம்மா மூலிகையிலேருந்து மருந்தைப் பிரிச்செடுத்து, முதல்ல தானே சாப்பிட்டுப் பார்த்து, அப்புறம் நோயாளிங்ககிட்ட சோதிச்சு நிரூபிச்சாங்க. இந்த வண்டுச் சட்டைக்கு யார் சாட்சி?

கோவிந்தசாமி: 16-ஆம் நூற்றாண்டுல லி ஷிஜென்னு ஒரு பெரிய மருத்துவர் எழுதி வெச்சிருக்காராம். சிள்வண்டு பகல்ல கத்தும், ராத்திரியில அடங்கிடும். அதனால குரல் போனவங்களுக்கும் ஆகும், ராத்திரி அழுற குழந்தைக்கும் ஆகுமாம்.

செல்வி: (கீரையைக் கீழே வைத்து) ராத்திரி என்ன ஆகும்னீங்க?

கோவிந்தசாமி: அடங்கிடும்.

செல்வி: சத்தமே வராதா?

கோவிந்தசாமி: வராதுன்னுதான்…

செல்வி: குறட்டைகூடவா?

கோவிந்தசாமி: அதைப் பத்தி அவர் ஒண்ணும் சொல்ல…

செல்வி: மூணு கிண்ணம் தண்ணி ஒரு கிண்ணமா வத்தணும், அவ்வளவுதானே? அந்த மண்சட்டியை எடுங்க.

கோவிந்தசாமி: செல்வி, புரட்டாசி…

செல்வி: அதான் உள்ள ஆள் இல்லைன்னீங்களே!