மானுக்கு எதுக்குய்யா விலை கூடின குண்டு?

பென்சில்வேனியாவில் இருக்கும் என் சித்தப்பா மகன் பாயிண்ட் 35 வீலன் என்ற தோட்டா போடும் பழைய ரைஃபிள் ஒன்று வாங்கியிருக்கிறான். அங்கே நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த சனிக்கிழமை, துப்பாக்கி மான் சீசன் தொடங்கும். கடைத் தோட்டா விலை கட்டுப்படியாகாமல், தானே கட்டிக்கொள்ள பிரஸ், அச்சு டை, தராசு எல்லாம் வாங்கி வைத்துவிட்டு, "அண்ணே, எந்தக் குண்டு போடட்டும்?" என்று கேட்டான். நானும் அங்கே இருந்த காலத்தில் பேஸ்மெண்டில் உட்கார்ந்து இதே வேலையைப் பார்த்தவன்தான். "இருப்பதிலேயே சாதாரண சாஃப்ட் பாயிண்ட், அதான் ஈய மூக்குக் குண்டு, எடு தம்பி" என்றேன். கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டான். காசு மட்டும் விஷயமில்லை என்று விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் மேலூர், பாலமேடு பக்கத்துச் சொந்தபந்தங்களுக்கு ஒரு வார்த்தை. இது நம்மூர்ச் சமாச்சாரம் இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இங்கே மானைத் தொட்டால் ஜெயில்தான். அங்கே வெள்ளைவால் மான் பெருகிக் கிடக்கிறது. மாநில அரசே லைசென்ஸ் கொடுத்து எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கிறது. நம்ம அழகர்மலையையும் அந்தக் காட்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தோட்டா என்பது பித்தளைக் கூடு, அடித்ததும் தீப்பொறி தரும் ப்ரைமர், வெடிமருந்து, முன்னால் பறந்து போகும் குண்டு என்று நாலு சாமான். இதில் கூடுதான் விலை அதிகம். ஆனால் அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ப்ரைமரிலும் மருந்திலும் பெரிதாக மிச்சம் பிடிக்க வழியில்லை. கை வைக்க முடிந்த இடம் குண்டுதான். கம்பெனிக்காரர்கள் ஆசை காட்டுவதும் அங்கேதான். பளபளப்பான பெட்டி, பிளாஸ்டிக் மூக்கு, ஐம்பது குண்டு போட்ட சின்ன டப்பா. அந்த டப்பா விலைக்கே நூறு சாதாரணக் குண்டு கிடைத்துவிடும்.

அந்த விலை கூடின குண்டு எதற்காக வந்தது என்று பாருங்கள். 1946-ல் ஜான் நோஸ்லர் என்பவர் கனடாவில் மூஸ் வேட்டைக்குப் போனார். மூஸ் என்றால் நம்ம ஜல்லிக்கட்டுக் காளையே பக்கத்தில் சின்னதாகத் தெரியும், அவ்வளவு பெரிய உருப்படி. அதன் மேல் அவருடைய குண்டு சரியாக இறங்காமல் சிதறிவிட்டது. அந்தக் கடுப்பில் நடுவில் செம்புச் சுவர் வைத்து, முன்பாதி விரிந்தாலும் பின்பாதி உருக்குலையாமல் துளைத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு குண்டு செய்தார். 1948-ல் அதுதான் பார்ட்டிஷன் என்று விற்பனைக்கு வந்தது. அருமையான சரக்கு, மறுப்பதற்கில்லை. ஆனால் அது பிறந்தது மூஸுக்காக.

வெள்ளைவால் மானுக்கு நெஞ்சுப் பகுதி பக்கவாட்டில் ஒரு சாண், ஒன்றரைச் சாண்தான் கனம் இருக்கும். விலா எலும்பும் மெல்லிசு. நடுத்தர விட்டக் குண்டுகளில் பல, கரடி, எல்க் என்ற பெரிய மான் வகை, மூஸ் என்று பெரிய மிருகத்தை மனதில் வைத்துச் செய்தவை. அதிலும் 250 கிரெய்ன், அதாவது சுமார் 16 கிராம், எடையுள்ள கெட்டிக் குண்டை மானின் நெஞ்சில் விட்டால், விரிய நேரம் கிடைக்காமல் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும் வாய்ப்பு அதிகம். மானும் ஓடிவிடும். பனி விழுந்த காட்டில் இருட்டுகிற நேரத்தில் ரத்தத் தடம் தேடி அலைய வேண்டியதுதான். கீரை ஆய திருப்பாச்சேத்தி அருவாள் எதற்கு?

சாதாரண சாஃப்ட் பாயிண்டை ஒன்று கையில் எடுத்துப் பாருங்கள். செம்பு உறைக்கு மேலே மூக்கில் கொஞ்சம் ஈயம் வெளியே தெரியும். நகத்தால் அழுத்தினாலே தடம் விழும். அந்த மெத்துதான் அதன் வேலை. பட்டதும் காளான் மாதிரி மடிந்து விரியும். ரெமிங்டன் கம்பெனியின் கோர்-லாக்ட் 1939-லிருந்து இந்த வழியில்தான் மானை வீழ்த்திக்கொண்டிருக்கிறது.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. பாயிண்ட் 35 ரெமிங்டன் என்று இன்னொரு தோட்டா வகை உண்டு. அதற்கும் 35 வீலனுக்கும் ஒரே 0.358 அங்குல விட்டக் குண்டுதான். ஆனால் முன்னது நொடிக்கு 2000 அடி வேகத்தை ஒட்டி ஓடும். வீலன் அதே 200 கிரெய்ன் குண்டை 2600 அடிக்கு மேல் தள்ளும். மெதுவான ரைஃபிளுக்கென்று செய்த ரவுண்ட் நோஸ் (உருண்டை மூக்கு) குண்டை அந்த வேகத்தில் பக்கத்திலிருந்து விட்டால் தோள்பட்டைக் கறி கூழாகிவிடும். தானே கட்டுகிறவனுக்கு இதில்தான் லாபம். தோட்டா கட்டும் மேனுவலில் (கையேட்டில்) குறைந்த அளவு மருந்தும் கொடுத்திருப்பான். அங்கேயே ஆரம்பித்து அங்கேயே நிற்கலாம். காட்டுக்குள் நூறு கஜத்துக்குள் சுடுகிறவனுக்கு அதற்கு மேல் வேகம் தேவையில்லை. தோளில் உதையும் குறையும். மருந்து அளவை மட்டும் வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்துப் போடக்கூடாது. குண்டு செய்த கம்பெனியின் மேனுவல்தான் கணக்கு.

இதைவிட மலிவு தேடி சிலர் 357 கைத்துப்பாக்கிக் குண்டை எடுப்பார்கள். விட்டம் 0.357, கிட்டத்தட்ட ஒன்றுதான். மெதுவாக ஓடவிட்டு அட்டையில் சுட்டுப் பழக நல்ல சரக்கு. மானுக்கு மட்டும் கூடாது. மெல்லிய உறை, ரைஃபிள் வேகத்தில் தோலுக்கடியிலேயே வெடித்துச் சிதறும். நெம்புகோல் ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குழாய் மேகசின் என்றால் கூர்மூக்கு உலோகக் குண்டு போடவே கூடாது. ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் ப்ரைமரில் குத்திக்கொண்டு நிற்கும். தட்டை மூக்கு அல்லது உருண்டை மூக்குதான். அதுவும் மலிவுதான்.

மிச்சமான காசில் நிறையத் தோட்டா கட்டி, சீசனுக்கு முன்னால் ரேஞ்சுக்குப் போய் சுட்டுப் பழகச் சொல்லியிருக்கிறேன். டப்பா விலைக்குப் பயந்து மூன்று தோட்டா சுட்டுவிட்டுக் காட்டுக்குப் போகிறவன் கையில் எந்தக் குண்டு இருந்தும் பிரயோசனமில்லை.

ஒரே ஒரு இடத்தில்தான் விலை கூடின குண்டை ஒத்துக்கொள்வேன். ஈயக் குண்டு விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் கறிக்குள் தங்கும். 2008-ல் வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்கென்று தானமாக வந்த மான் கொத்துக்கறியில் ஈயம் இருக்கிறதென்று அந்தக் கறியைக் கொடுக்க வேண்டாம் என்றார்கள். கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயமே கூடாது. தம்பி வீட்டில் இப்போதுதான் நடக்கப் பழகும் பிள்ளை இருக்கிறது. கறி அதன் தட்டுக்கும் போகும். காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிந்தாலும் மனசு கேட்காது என்றால் முழுச் செம்புக் குண்டு வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் அது கடினம், வேகம் இருந்தால்தான் விரியும். அதனால் 200 கிரெய்னுக்கு மேல் போகாமல், நான் மேலே சொன்ன குறைந்த வேகக் கணக்கையும் விட்டுவிட்டு, மேனுவலில் அந்தக் குண்டுக்கென்றே உள்ள பக்கத்தைத் திறக்கட்டும்.