தோப்பை வெட்டச் சொல்பவர்களுக்கு

2025 சீசனில் பெங்களூரா (கிளிமூக்கு) மாங்காய் கிலோ 4, 5 ரூபாய்க்கு இறங்கியதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்கள் போச்சம்பள்ளிப் பக்கம் ஒரே பேச்சுதான். மரத்தை வெட்டு, பிளாட் போடு, இல்லையென்றால் தென்னை வை. சொந்தக்காரர்களும் சொல்கிறார்கள், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சென்டிமென்ட் எல்லாம் இல்லை, கணக்குத்தான்.

எங்கள் மாந்தோப்பு மூன்று மாவட்டம் பார்த்தது. தாத்தா வைக்கும்போது சேலம் ஜில்லா, 1965ல் தருமபுரி, 2004ல் கிருஷ்ணகிரி. நாங்கள் என்னவோ இருந்த இடத்தில்தான் இருக்கிறோம். மானாவாரி செம்மண்ணில், சந்தூர் என்ற ஊரிலிருந்து ஒட்டுக்கன்று வாங்கி வந்து, கோடையில் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்திருக்கிறார். ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த உழைப்பு இல்லை, அவர் ரகம் கலந்து வைத்ததுதான். செந்தூரா முதலில் வரும், அப்புறம் பங்கனபள்ளி, பீத்தர், மல்கோவா, கடைசியாக நீலம். ஒன்று விலை விழுந்தால் இன்னொன்று தாங்கும், இரண்டு மூன்று மாதத்துக்கு வீட்டில் காசு புழங்கும்.

அப்பாவும் சித்தப்பாவும் தலையெடுத்தபோது மாவட்டத்தில் மாங்கூழ் ஃபேக்டரிகள் பெருகிவிட்டன. ஃபேக்டரிக்கு வேண்டியது பெங்களூரா, காய்ப்பும் அதிகம், பறித்துக் கொட்டி லாரியில் ஏற்றினாலும் நசுங்காது. மற்ற ரகமென்றால் காம்பை விட்டு வலைக்கோலில் பார்த்துப் பறிக்க வேண்டும், பால் வடிந்து பட்ட இடம் கறுத்துப் போனால் மண்டியில் பாதி விலைதான் போடுவார்கள். பறிக்க ஆளும் கிடைக்காத நேரம் அது. அதனால் அவர்கள் தோப்பைப் பெங்களூராவுக்கு மாற்றியதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், அன்றைக்கு யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

விளைவு, ஊர் முழுக்க ஒரே காய், ஒரே வாரத்தில் முற்றுகிறது. அந்த 2025 சீசனில் ஒரு ஃபேக்டரி வாசலில் எங்கள் டிராக்டர் இரண்டு ராத்திரி வரிசையில் நின்றது. அடியில் இருந்த காய் பழுத்து நீர் விட ஆரம்பித்த பிறகு எடை போட்டு, அதிலும் கழிவு பிடித்துக்கொண்டு, பணத்துக்குப் பிறகு வா என்றார்கள். பக்கத்திலிருக்கும் சித்தூர் மாவட்டத்திலோ வெளிமாநிலப் பெங்களூரா உள்ளே வரக்கூடாதென்று அந்த வருஷம் ஜூனில் தடை போட்டார்கள். அவர்கள் விவசாயிக்கு மட்டும் கிலோவுக்கு 12 ரூபாய், ஃபேக்டரி 8, அரசு 4 என்று ஆந்திர அரசு அறிவித்தது. நம் ஆட்கள் அதைப் போனில் படித்துக்கொண்டே வரிசையில் நின்றோம்.

நல்ல வேர் பிடித்த மரத்தை வெட்டிப் பிளாட் போட்டால் ஒருமுறைதான் பணம். கிளையைக் கழித்துவிட்டு, துளிர்க்கும் கொம்பில் வேறு ரகம் ஒட்டுக் கட்டினால் மூன்று வருஷத்துக்குள் காய் பார்க்கலாம், புதுக்கன்று வைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. பாதித் தோப்பில் முதலில் செய்வோம், மீதிப் பெங்களூரா அதுவரை சோறு போடட்டும் என்கிறேன்.

சித்தப்பா ஒத்துக்கொண்டார். ஆனால் மொத்தமும் அல்போன்சாவாகவே கட்டு, பம்பாய் வியாபாரி வருவான் என்கிறார். அது ஒரு வருஷம் காய்த்தால் மறுவருஷம் படுத்துக்கொள்ளும், மேலே பார்க்க அழகாயிருந்து உள்ளே சதை வெளுத்துப் பஞ்சாகக் கிடக்கும். ஒரே ரகத்தை நம்பித்தானே இங்கே வந்து நிற்கிறோம் என்றேன். நீலம் எத்தனை வரிசை, செந்தூரா எத்தனை வரிசை என்று இன்னும் சண்டை முடியவில்லை.