இருபத்தேழு புள்ளி இரண்டு படி

(கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீடு. கமலா அக்காவுக்கு ஆறு வருடமாக இடுப்பு வலி. தம்பி சேகர் கிராப் கார் ஓட்டுகிறான். ஓட்டம் இல்லாத நேரமெல்லாம் அக்கா வீட்டு அடுப்படியில்தான் இருப்பான். வலி கிளினிக்கில் கொடுத்த பாரத்தை மேசையில் வைக்கிறான்.)

சேகர்: கையெழுத்துப் போடு அக்கா. செலாயாங் ஆஸ்பத்திரியில் மெனாங் என்று ஒரு பயிற்சி. இரண்டு வாரம்.

கமலா: முடிந்ததும் வலி போய்விடுமா?

சேகர்: போகாது.

கமலா: (பாரத்தைத் திருப்பித் தள்ளுகிறாள்) ஊசி குத்திய சீன வைத்தியர், அந்த சின்சே, போகும் என்றார். உருவிவிட்ட காஜாங் பாட்டி போகும் என்றார். டிவியில் மெத்தை விற்கிறவன்கூடப் போகும் என்றான். இவ்வளவு படித்த டாக்டர்கள் போகாது என்கிறார்களா?

சேகர்: இத்தனை வருடத்தில் உன்னிடம் உண்மையைச் சொன்னவர்கள் அவர்கள்தான். வலியோடு வலியாக நடக்க, குனிய, தூங்கச் சொல்லித் தருகிறார்கள். மாத்திரையையும் குறைக்கலாம். நேற்று ஆரம்பித்ததில்லை, 2002-இல் ஆரம்பித்தது. சிட்னியில் நடக்கிற ஒரு பயிற்சியைப் பார்த்து இங்கே அமைத்தார்களாம். டாக்டர், பிசியோ, மனநல நிபுணர் எல்லாரும் சேர்ந்து...

கமலா: நிறுத்து. மனநல நிபுணரா? அப்படியானால் என் வலி வெறும் கற்பனை, இல்லையா?

(அலமாரியைத் திறந்து எம்.ஆர்.ஐ. படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறாள். கேஸ் தோம்பு கொண்டுவருகிறவர்கூட இரண்டு தடவை பார்த்துவிட்ட படம்.)

கமலா: இதோ பார், முதுகெலும்பில் எல் ஃபோர், எல் ஃபைவ். தட்டு பிதுங்கி நிற்கிறது. இதுவா கற்பனை?

சேகர்: யார் கற்பனை என்றது? இந்த வயதில் வலியே இல்லாதவரைப் படம் எடுத்தாலும் ஏதாவது பிதுங்கித்தான் இருக்குமாம். மூன்று மாதம் தாண்டிய வலியில் நரம்புக்கே பதற்றம் கூடிவிடுகிறது. கீழே நிற்கிற பழைய காரின் அலாரத்தை எடுத்துக்கொள். முன்பு யாரோ கண்ணாடியை உடைத்தான், கத்தியது. இப்போது பூனை நடந்தாலே கத்துகிறது.

கமலா: கத்துவது நிஜம்தானே?

சேகர்: நிஜம்தான், காது கிழியக் கத்துகிறது. திருடன்தான் இல்லை.

கமலா: (யோசித்து) அப்படியானால் முதலில் அந்தப் பூனையைப் பிடிக்க வேண்டும்.

சேகர்: மாத்திரை டின்னையும் எடுத்துக்கொண்டு போ. டிக்லோஃபெனாக் வலி மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கினால் கிட்னிக்கு ஆகாது.

கமலா: எந்த டின்? சின்னதா, மைலோ டின்னா?

சேகர்: (தலையில் கை வைத்து) இரண்டையும். அப்புறம், உன் வழக்கத்தையும் டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

கமலா: என்ன வழக்கம்?

சேகர்: வலி கொஞ்சம் குறைந்த அன்று திரைச்சீலை துவைப்பாய், ஃபேன் துடைப்பாய், மூன்று படி மாவுக்கு முறுக்குப் பிழிவாய், போதாதென்று பொதுப் படிக்கட்டையும் கழுவி விடுவாய். மறுநாளிலிருந்து மூன்று நாள் படுக்கை.

கமலா: வலிக்காத அன்று செய்யாமல் வலிக்கிற அன்றா செய்வார்கள்?

சேகர்: அதைத்தான் மாற்றச் சொல்கிறார்கள். வலியைக் கேட்டு வேலை செய்யாதே, கடிகாரத்தைப் பார்த்துச் செய். பத்து நிமிடம் நின்றாயா, உட்கார். வலிக்காவிட்டாலும் உட்கார். மோசமான நாளிலும் கொஞ்சம் எழுந்து நட. அப்புறம் சிறுகச் சிறுகக் கூட்டு.

கமலா: பத்தாவது நிமிடம் தோசை கல்லில் கிடக்கும். நான் உட்கார்ந்துவிட்டால் யார் திருப்பிப் போடுவது?

சேகர்: நான் போடுகிறேன்.

(வாய் தவறி வந்த வார்த்தை. தம்பிக்கு அது தெரியவில்லை, அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.)

கமலா: சரி. இன்னும் என்ன கேட்பார்கள்?

சேகர்: உனக்கு என்ன செய்ய ஆசை என்று கேட்பார்கள்.

கமலா: (உடனே) பத்துமலை ஏற வேண்டும். 272 படி. தைப்பூசத்துக்குத் தைப்பூசம் கீழேயே நின்று கும்பிட்டுவிட்டு வருகிறேன். முருகனுக்கு என் முகமே மறந்திருக்கும். (விரல்விட்டு எண்ணுகிறாள்) இரண்டு வாரத்தில் சனி, ஞாயிறு போனால் பத்து நாள். நாளுக்கு 27.2 படி. அந்தப் புள்ளி இரண்டு படியை எந்தக் காலால் ஏறுவதாம்?

சேகர்: அதற்குள் மலைக்குப் போய்விட்டாயா? முதலில் நம் மாடிப்படியில் ஐந்து. அது பழகினால் ஏழு.

கமலா: ஐந்தாவது படியில் யார் வீடும் இல்லையே. அங்கே நின்று என்ன செய்வது?

சேகர்: இறங்குவது.

கமலா: இறங்கினால் அது வேறு ஐந்து படி. இதை டாக்டர் கணக்கில் சேர்ப்பாரா?

(பாரத்தை மறுபடி தன் பக்கம் இழுக்கிறாள். இது பேரம் முடியப் போகிறது என்பதன் அடையாளம். சௌகிட் சந்தைக் கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.)

கமலா: இந்த இரண்டு வாரம் உனக்குச் சோறு?

சேகர்: மாமாக் கடை இருக்கிறதே. முடிந்ததும் நீ பழையபடி சமைப்பாய்தானே?

கமலா: சமைப்பேன். பத்துப் பத்து நிமிடமாக. நடுவில் நீ.

சேகர்: நானா?

கமலா: தோசையைத் திருப்புகிறேன் என்றாயே. சோறு வடிக்கிறதும் மீன் கழுவுகிறதும் அந்த மாதிரி வேலைதான்.

சேகர்: தினமுமா?

கமலா: வலிக்காவிட்டாலும் உட்கார வேண்டும் என்று நீதானே சொன்னாய்?

சேகர்: (குரல் இறங்கி) அக்கா, அவசரம் ஒன்றும் இல்லை. அடுத்த குழுவில்கூடச் சேரலாம். உனக்கு முன்னைக்கு இப்போது தேவலையாகத்தானே இருக்கிறது?

கமலா: பேனாவைக் கொடு.

சேகர்: மை தீர்ந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

கமலா: டிவிக்குப் பக்கத்தில் வேறு பேனா இருக்கிறது. எழுந்து போய் எடு. நான் நின்று பத்து நிமிடம் ஆகிவிட்டது.