ரப்பருக்கு முன்பே மலாயாவில் காப்பி இருந்தது
காப்பியின் வரலாறு பற்றிய உங்கள் கட்டுரை, 1869இல் இலைத்துரு நோய் வந்து இலங்கைக் காப்பி அழிந்தது, அங்கே தேயிலை வந்தது, காப்பி பிரேசிலின் கைக்குப் போய்விட்டது என்று முடித்துவிடுகிறது. மலாயாவை, அதாவது இன்றைய மேற்கு மலேசியாவை, ஏன் விட்டுவிட்டீர்கள்? இலங்கையில் நொடித்துப்போன வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்களில் சிலர் கப்பலேறி வந்தது மலாயாவின் சிலாங்கூருக்கும் நெகிரி செம்பிலானுக்கும்தான். இங்கே அவர்கள் பெரிதும் நட்டது மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரிக்கா என்ற காப்பி வகை. இன்னொரு வகையான அரபிக்காவுக்கு மலைக்குளிர் வேண்டும். இதுவோ கடலோரத் தாழ்நிலத்து வெக்கையிலும் செழித்து வளரும். மேலே பின்னூட்டத்தில் ஒரு நண்பர், நம் தமிழர்கள் பால்மரம் வெட்டத்தான் (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கத்தான்) மலாயாவுக்கு வந்தார்கள் என்கிறார். இல்லை ஐயா, அதற்கு முன்பே கரும்புக்கும் காப்பிக்கும் வந்தவர்கள் உண்டு. சிலாங்கூரின் காஜாங்கில் 1890களில் ரப்பர் நட்ட கிண்டர்ஸ்லி சகோதரர்களே முதலில் காப்பித் தோட்டக்காரர்கள்தான். பிரேசிலில் விளைச்சல் பெருகி விலை சரிந்ததும், காப்பி வரிசைகளுக்கு நடுவிலேயே ரப்பர் கன்று வைத்தார்கள். அது நிழல் கட்டியதும் காப்பியை வெட்டிச் சாய்த்தார்கள். பந்திங் பக்கம் எங்கள் தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) பின்னால் சில லைபீரிக்கா மரங்கள் நின்றன. நல்ல உயரம், ஏணி வைத்துத்தான் பறிப்போம். பாட்டி பழத்தைக் காயவைத்து, உரலில் இடித்துத் தோல் நீக்கி, சீனி போட்டுக் கறுக்க வறுப்பார். இன்றும் மலேசியாவில் விளையும் காப்பியில் பெரும்பங்கு லைபீரிக்காதான். அடுத்த பகுதியிலாவது அரபிக்கா, ரொபஸ்டாவோடு இதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.