பிரிட்டனில் பயோமெடிக்கல் சயின்ஸ் பட்டம்: அதுமட்டும் போதாது

“பிரிட்டனில் எந்தப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. பயோமெடிக்கல் சயின்ஸ் முடித்தாலும் நேராக என்.எச்.எஸ். (பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை) ஆய்வகத்தில் பயோமெடிக்கல் சயின்டிஸ்ட் ஆகலாம்” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

அந்தப் பதவிப் பெயருக்கு அங்கே சட்டப் பாதுகாப்பு உள்ளது. சுகாதாரத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான எச்.சி.பி.சி.யில் பதிவு இல்லாமல் அதைப் பயன்படுத்துவது குற்றம். பதிவுக்கு வழக்கமான வழி: இத்துறையின் தொழில்முறை அமைப்பான ஐ.பி.எம்.எஸ். அங்கீகரித்த பட்டம், பிறகு, அவர்கள் ஒப்புதல் தந்த ஆய்வகத்தில் பயிற்சி பெற்று, திறன்களுக்கான ஆதாரங்களைத் தொகுக்கும் பதிவுப் பயிற்சிக் கோப்பினை நிறைவு செய்து, வெளி மதிப்பீட்டாளர் சரிபார்த்தபின் கிடைக்கும் தகுதிச் சான்றிதழ்.

பலர் சிக்குவது பயிற்சி இடத்தில்தான். மூன்றாண்டுப் படிப்பில் அது தானாக வருவதில்லை. இடங்களும் குறைவு, போட்டி கடுமை. அதனால் பட்டம் பெற்றவர்கள் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்து காத்திருக்கிறார்கள். எச்.சி.பி.சி.யே ஒப்புதல் தந்த, மருத்துவமனைப் பயிற்சி உள்ளடங்கிய படிப்புகளில் இந்தச் சிக்கல் இல்லை. முடித்ததும் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம்.

அங்கீகாரம் இல்லாத பட்டமா? ஐ.பி.எம்.எஸ். பாடவாரியாக மதிப்பிட்டு, விடுபட்ட பாடங்களைத் தனியே படிக்கச் சொல்லும். அது கூடுதல் செலவு. பணம் கட்டும் முன், பல்கலைக்கழகப் பெயரை மட்டும் பார்க்காமல், உங்கள் படிப்பின் முழுப் பெயரையும் சேரும் ஆண்டையும் இரு அமைப்புகளின் இணையப் பட்டியல்களிலும் தேடுங்கள்.