“ஏன் பிள்ளை, இன்னும் பூசேல்லையோ?”

மாங்குளத்தில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்ற முதலே கேட்கிற கேள்வி இது. அடுத்தது, “காசு முடிஞ்சுபோச்சோ?” இல்லை மாமி, காசு முடியவில்லை. எங்கள் சுவர் நன்றாகச் சுட்ட சூளைச் செங்கல். வெளியில் தெரியட்டும் என்றுதான் பூசாமல் விட்டிருக்கிறோம். இதைச் சொன்னால் ஒரு பரிதாபப் பார்வை, பிறகு தேத்தண்ணீர்.

அந்தப் பார்வையின் காரணமும் எனக்குத் தெரியும். 2009க்குப் பிறகு வன்னியில் எழும்பியவை பெரும்பாலும் வீட்டுத்திட்ட வீடுகள். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய் கிடைத்தது, அதுவும் கட்டம் கட்டமாக. சீமெந்தும் மணலும் விலை ஏற ஏற, கூரையோடு நின்றுவிட்ட சனம் எத்தனை! பூசாத சுவர் என்றால் இல்லாமை என்று மனதில் பதிந்துவிட்டது. சரி, விளங்குகிறது. ஆனால் அது சீமெந்துக் கல்லின் கதை. செங்கல்லையும் ஏன் அந்தக் கணக்கில் சேர்க்கிறீர்கள்?

உறவுக்காரரை மன்னிக்கலாம், மேசன்மாரைத்தான் தாங்க முடியவில்லை. நான் கேட்டது சின்ன வேலை. கல்லுக்குக் கல் இடையில் சாந்து கொட்டுண்ட வரிகளை இரண்டு சென்ரிமீற்றர் ஆழத்துக்குச் சுரண்டி, நனைத்து, புதுச் சாந்து வைத்து வரி இழுக்கவேண்டும். பொயின்ரிங், அவ்வளவுதான். வருகிறவர் சுவரைத் தட்டிப் பார்ப்பார். “அக்கா, இது மினக்கெட்ட வேலை. பேசாமல் பூசி பெயின்ற் அடிப்பம்.” பூச்சு சதுர அடிக் கணக்கு, கடகடவென்று முடியும். வரி வேலையில் நாள்தான் போகும். அவருக்கு அதுதான் விஷயம்.

ஒருவர் அரைமனதாக ஒத்துக்கொண்டார். சீமெந்து ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்று கலக்கச் சொன்னேன். செங்கல்லுக்கு அதுதான் நல்லது. “சுண்ணாம்பு இப்ப ஆர் போடுகினம்?” என்று சிரித்தார். பிறகு வரியைச் சுரண்டாமலே பழைய சாந்தின் மேல் சீமெந்தை அப்பி, சாக்குத் துண்டால் இழுத்துத் துடைத்தார். கல்லின் முகம் முழுக்கச் சாம்பல் படை. கம்பி பிரஸ்ஸால் தேய்த்தால் அந்தப் படை அசையவில்லை, கல்லின் சிவப்புத்தான் தூளாகக் கொட்டுகிறது.

கடைக்காரரின் யோசனை வார்னிஷ். “மினுங்கும் தங்கச்சி!” மினுங்கும், ஒரு மாரி வரைக்கும். செங்கல் மழையில் ஈரத்தைக் குடித்து வெயிலில் விடும். மேலே படலம் போட்டு மூடினால் ஈரம் உள்ளே நிற்கும், உப்பு உள்ளேயே பூத்துக் கல்லின் தோலை உரிக்கும். வெளியில் பூக்கிற வெள்ளை உப்புக்கு இன்னொருவர் அசிட் ஊற்றிக் கழுவச் சொல்கிறார். ஐயா, கோடையில் காய்ந்த பிரஸ்ஸால் தட்டினாலே அது கொட்டிவிடும். அசிட் சாந்தையல்லவா தின்னும்?

சுவரடி முழுக்கச் செம்மண் தெறித்துக் கிடக்கிறது. கூரைத் தண்ணீரை ஏந்த ஒரு பீலி வைத்தாலே பாதி அழகு திரும்பும். அதை ஒருவரும் வாயால்கூடச் சொல்லவில்லை. அதில் என்ன இலாபம்?

கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையில் வரி சுரண்டத் தெரிந்த, சுண்ணாம்பைக் கண்டு சிரிக்காத மேசன் ஒருவர் இருந்தால் சொல்லுங்கோ. நாள் கூலியும் மத்தியானச் சாப்பாடும் தருகிறேன். பெயின்ற் வாளியோடு வருகிறவர் படலையோடு திரும்பலாம்.